தாய் மடி போதாது! காரில் போகும் குழந்தைக்கு ஏற்ற சீட் எது?

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, விடியற்காலை 5 மணிக்கு ஓசூர் ரோட்டில் நின்று பார்த்தால் அந்தக் காட்சியைக் காணலாம்.

கர்நாடக நம்பர் போட்ட சிறிய கார்கள் அத்திப்பள்ளி எல்லையை நோக்கி வரிசையாகப் போகும். உள்ளே இருப்பவை தமிழ்க் குடும்பங்கள். பிழைப்பு பெங்களூரில். சொந்த ஊர் தர்மபுரி, சேலம், நாமக்கல், திருச்சி என்று இருக்கும்.

கார் மேலே மூட்டை முடிச்சுகள். முன் சீட்டில் தாய். அவள் மடியில் கைக்குழந்தை. பின் சீட்டில் பாட்டியும் சித்தப்பாவும். முன் சீட்டுகள் இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு, சாலையை வேடிக்கை பார்த்தபடி வருவான் ஒரு 4 வயதுப் பையன்.

பார்க்க அழகான காட்சிதான். ஆனால் அந்தக் காரிலேயே ஆபத்தான இடங்கள் இரண்டு. ஒன்று, தாயின் மடி. மற்றொன்று, அந்தப் பையன் நிற்கும் இடம்!

வீட்டில் நடந்த விவாதம்

ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கும் ஒரு குமாஸ்தா சென்ற ஆண்டு கடன் போட்டு பழைய கார் ஒன்று வாங்கினார். மனைவி, 4 வயது மகன், 10 மாதப் பெண் குழந்தை, வயதான தாயார், தம்பி. இதுதான் குடும்பம். ஊர் ஓமலூர் பக்கம்.

பொங்கலுக்குக் காரில் ஊருக்குப் போவது என்று முடிவானது. உடனே மனைவி ஒரு கேள்வி போட்டார்.

"ஏங்க, பிள்ளைங்களுக்கு பேபி சீட் வாங்க வேண்டாமா?"

"வாங்கலாம். வளர்ற பிள்ளைங்க. வாங்கறதுதான் வாங்கறோம், பெரிசா ஒண்ணு பாத்து வாங்கிட்டா ஆறேழு வருசம் ஓடும்" என்றார் கணவர்.

தாயார் குறுக்கிட்டார். "எதுக்குக் கண்ணு தெண்டச் செலவு? நாலு பிள்ளைய நான் மடியில வெச்சுத்தான் வளத்தேன். மடிய விடவா ஒரு சீட்டு?"

இந்தப் பேச்சு பெங்களூரில் எத்தனையோ தமிழ் வீடுகளில் நடக்கிற பேச்சு. பாட்டி சொன்னது பாசத்தில் சொன்னது. மகன் சொன்னது சிக்கனத்தில் சொன்னது. வீட்டுக்குள் இரண்டும் சரி. காருக்குள் இரண்டுமே தவறு!

ஏன் என்று பார்க்கலாம்.

மூன்றாவது மாடியிலிருந்து...

50 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு லாரியின் பின்னால் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். கார் நின்றுவிடும். ஆனால் உள்ளே கட்டப்படாமல் இருக்கும் மனிதர்கள் அதே 50 கிலோ மீட்டர் வேகத்தில் முன்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். எதிலாவது மோதிய பிறகுதான் நிற்பார்கள்.

அந்த மோதல் எப்படி இருக்கும்? சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுந்தால் தரையை அடையும்போது என்ன வேகம் இருக்குமோ அதே வேகம். அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். குழந்தையை மூன்றாவது மாடி பால்கனி ஓரத்தில் யாராவது தனியே விடுவார்களா?

"நான்தான் இறுக்கிப் பிடித்திருக்கிறேனே" என்று தாய் நினைக்கலாம். கணக்கைப் பாருங்கள். குழந்தையின் எடை 8 கிலோ. 50 கிலோ மீட்டர் வேகம் ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் பூஜ்யமாகிறது. அந்தச் சமயத்தில் குழந்தையைப் பிடித்து நிறுத்த வேண்டிய பலம், சுமார் 110 கிலோ எடையைத் தாங்கும் பலம் ஆகும். 25 கிலோ அரிசி மூட்டை நாலரை மூட்டை!

மண்டியில் மூட்டை தூக்கும் தொழிலாளியால்கூட அத்தனையை, கண் இமைக்கும் நேரத்தில், கையில் ஏந்த முடியாது. குழந்தை கையிலிருந்து பறந்துவிடும்.

தாய் பெல்ட் போடவில்லை என்றால் இன்னும் மோசம். அவர் உடம்பும் முன்னால் பாயும். நடுவில் சிக்குவது குழந்தை.

சிலர் தாங்கள் போட்டிருக்கும் பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள். இது மிகவும் தவறு. மோதலின்போது தாயின் எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கிவிடும்.

பின் சீட்டில் உட்கார்ந்தால் பயமில்லை என்பதும் சரியல்ல. 2022 செப்டம்பர் 4-ந்தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழில் அதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அவர் பயணம் செய்தது விலை உயர்ந்த கார். பின் சீட்டில் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தார்கள். அவர்கள் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தார்கள். முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்துக்கொண்டார்கள்.

சட்டத்திலேயே நடந்த தவறு

"மடியே பாதுகாப்பு" என்று நம் பாட்டிமார்கள் மட்டும் நினைக்கவில்லை. அமெரிக்காவில் சட்டம் போட்டவர்களே நினைத்தார்கள்!

அங்கே டென்னசி மாநிலத்தில் டாக்டர் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் இருந்தார். காரில் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு சீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்று அவர் விடாமல் பாடுபட்டார். 1977-ம் ஆண்டு சட்டம் நிறைவேறியது. 1978 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அமெரிக்காவிலேயே இதுதான் முதல் சட்டம்.

ஆனால் சட்டசபையில் ஒரு விதிவிலக்கையும் சேர்த்துவிட்டார்கள். பெரியவர் ஒருவர் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டால் சீட் தேவையில்லை என்பதே அது. "பிள்ளையை நசுக்கும் திருத்தம்" என்று இதற்குப் பெயர் வந்துவிட்டது. 1981-ல் அந்த விதிவிலக்கை நீக்கினார்கள்.

சீட் எவ்வளவு உதவும்? கார்களில் முறையாகப் பொருத்திய சீட், விபத்தில் 1 வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறக்கும் வாய்ப்பை 71 சதவீதமும், 1 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் இறக்கும் வாய்ப்பை 54 சதவீதமும் குறைக்கிறது. இது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கு.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 2019-ல் திருத்தப்பட்டது. அதில் 194-பி என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 14 வயது நிறையாத குழந்தையைப் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு சாதனமோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம். ஓட்டியவர் மட்டுமல்ல, அப்படி ஓட்ட அனுமதித்தவரும் பொறுப்பாவார். 2019 செப்டம்பர் 1-ந்தேதி முதல் இது அமலில் இருக்கிறது.

ஆனால் இந்தப் பிரிவு "பெல்ட் அல்லது சாதனம்" என்றுதான் சொல்கிறது. எந்த அளவுக் குழந்தைக்கு எது என்று அதில் சொல்லவில்லை. 3 வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டால் அபராதம் தப்பலாம். குழந்தை தப்பாது.

ஆகவே சட்டம் விட்ட இடத்தைப் பெற்றோர்தான் நிரப்ப வேண்டும்.

சட்டைக் கணக்கு உதவாது

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நம் வீடுகளில் என்ன செய்வோம்? "வளர்ற பையன், ஒரு அளவு பெரிசா எடு" என்போம். கால்சட்டையை மடித்துத் தைத்து, அடுத்த வருடம் பிரித்துவிடுவோம். மாதச் சம்பளக்காரர்களுக்கு அதுதான் கட்டும்.

பேபி சீட்டில் இந்தக் கணக்கு உதவாது. பெரிய சட்டை போட்டால் தொளதொளவென்று இருக்கும். அவ்வளவுதான். பெரிய சீட்டில் சிறிய குழந்தையை வைத்தால் மோதலின்போது பெல்ட் தோளிலிருந்து நழுவும். குழந்தையே வெளியே வந்துவிடலாம். அல்லது பெல்ட் கழுத்தையும் வயிற்றையும் அறுக்கும்.

சீட், இன்றைய குழந்தைக்கு இன்றைக்குப் பொருந்த வேண்டும். வயதைப் பார்த்து வாங்குவதும் போதாது. ஒரே வயதில் இரண்டு குழந்தைகள் இரண்டு அளவில் இருப்பார்கள். கடைக்குப் போகும் முன் குழந்தையின் எடையையும் உயரத்தையும் அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

குழந்தை கடக்க வேண்டிய படிகள் நாலு.

முதல் படி: முதுகு காட்டி உட்காருவது

பிறந்தது முதல், குழந்தை காரின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காரும் சீட்டில் இருக்க வேண்டும். அதாவது கார் போகிற திசைக்கு அதன் முதுகு இருக்கும்.

இது ஏதோ விசித்திரமாகத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. பிறந்த குழந்தையின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தலைதான். பெரியவர்களுக்கு இது எட்டில் ஒரு பங்குதான். குழந்தையின் தலை கனம், கழுத்தோ இளசு. முன்பக்கம் பார்த்து உட்கார வைத்தால், மோதலின்போது உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும். தலை மட்டும் முன்னால் இழுக்கப்படும். பாரம் முழுவதும் கழுத்தில் விழும். முதுகெலும்புக்குள் இருக்கும் நரம்புத் தண்டு பாதிக்கப்படலாம்.

பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே ஏந்திக்கொள்ளும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? விண்வெளியிலிருந்து! ராக்கெட் கிளம்பும்போது ஜெமினி விண்வெளி வீரர்கள் மல்லாந்து படுத்து, அந்த வேகத்தை முதுகு முழுவதும் தாங்குவதை ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் கவனித்தார். 1964-ல் அதே முறையில் குழந்தைகளுக்கு ஒரு சீட் செய்து சோதித்துப் பார்த்தார்.

எதுவரை இப்படி உட்கார வைப்பது? ஐரோப்பாவின் "ஆர்-129" என்ற புதிய விதிப்படி 15 மாதம் முடியும் வரை கட்டாயம். அதற்குப் பிறகும், சீட்டில் குறிப்பிட்டுள்ள எடையையும் உயரத்தையும் குழந்தை தாண்டும் வரை இப்படியே வைத்திருப்பதுதான் நல்லது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2018-ல் கூறியது.

"கால் இடிக்கிறது, மடக்கி உட்காருகிறது" என்று அவசரப்பட்டுத் திருப்பிவிடாதீர்கள். குழந்தை காலை மடக்கி உட்காருவதில் தவறில்லை. தலை உச்சி சீட்டின் மேல் விளிம்பை நெருங்கினாலோ, எடை கூடிவிட்டாலோதான் மாற்ற வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: முன் சீட்டில் ஏர்பேக் உள்ள கார்களில், முதுகு காட்டும் சீட்டை முன்னால் வைக்கவே கூடாது. மோதலின்போது ஏர்பேக் வெடித்து விரியும் வேகம் குழந்தையைக் கொன்றுவிடும். குழந்தைகளுக்கு எப்போதும் பின் சீட்டே சரி.

இரண்டாம் படி: ஐந்து முனைப் பெல்ட்

முதல் சீட்டின் அளவைக் குழந்தை தாண்டிய பிறகு முன்பக்கம் பார்த்து உட்காரலாம். ஆனால் இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என்று ஐந்து முனைகளில் பிடிக்கும் பெல்ட் இருக்க வேண்டும். இந்த ரகச் சீட்டுகளில் பல 9 முதல் 18 கிலோ வரை எடையுள்ள குழந்தைகளுக்கு உரியவை.

தோள் பட்டை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பின்பக்கம் பார்க்கும்போது, பட்டை தோளின் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்பக்கம் பார்க்கும்போது தோளின் மட்டத்திலோ சற்று மேலேயோ தொடங்க வேண்டும். குழந்தை வளர வளர இதை மாற்றி வைக்க வேண்டும். பல வீடுகளில் வாங்கிய நாளில் வைத்த இடத்திலேயே பட்டை கிடக்கும்.

மூன்றாம் படி: பூஸ்டர் சீட்

இந்தப் படியைத்தான் நம்மவர்கள் அநேகமாகத் தாண்டிக் குதிக்கிறார்கள். "பையன் பள்ளிக்கூடம் போகிறான், இனி என்ன பேபி சீட்?" என்று பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிடுகிறார்கள்.

காரிலுள்ள பெல்ட் பெரியவர்களின் உடம்புக்காகச் செய்தது. 6 வயதுப் பையனுக்கு அது தோளில் நிற்காது, கழுத்தில் உரசும். உறுத்துகிறது என்று பையன் அதைக் கைக்குக் கீழே தள்ளிவிடுவான். இடுப்புப் பட்டையும் மேலே ஏறி வயிற்றில் உட்காரும். குழந்தைகளின் இடுப்பெலும்பு முற்றியிருக்காது. பட்டையைப் பிடித்து நிறுத்த அதற்கு வலு போதாது. மோதலின்போது வயிற்றை அமுக்கினால் குடலும் முதுகெலும்பும் பாதிக்கப்படலாம்.

பூஸ்டர் சீட் குழந்தையைச் சற்று உயர்த்தி உட்கார வைக்கிறது. அப்போது அதே பெல்ட், தோளின் நடுவிலும் தொடைக்கு மேலேயும் சரியாகப் படிகிறது. 15 முதல் 36 கிலோ வரை இது உதவும். முதுகும் தலைக்கு அணையும் உள்ள பூஸ்டரே நல்லது. தூங்கும்போது பையன் பக்கவாட்டில் சாயாமல் இருப்பான். முதுகு இல்லாத வெறும் மணை மாதிரியான பூஸ்டர், 125 சென்டி மீட்டருக்கு மேல் வளர்ந்த பிள்ளைகளுக்குத்தான்.

நாலாம் படி: பெரியவர் பெல்ட்

உயரம் 145 முதல் 150 சென்டி மீட்டர் வந்த பிறகுதான் காரின் பெல்ட் பிள்ளைக்குப் பொருந்தும். பெரும்பாலும் 10, 11 வயது ஆகிவிடும். சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்:

முதுகு சீட்டில் முழுவதும் சாய்ந்திருக்கிறதா? முழங்கால் சீட்டின் விளிம்பில் மடங்குகிறதா? பெல்ட் கழுத்தில் படாமல் தோளின் நடுவே போகிறதா? இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் தொடையின் மேல்பக்கம் படிகிறதா? ஊர் போய்ச் சேரும் வரை பிள்ளை அப்படியே உட்காருவானா?

ஐந்துக்கும் "ஆம்" என்றால் பூஸ்டரை எடுத்துவிடலாம். ஒன்றுக்கு "இல்லை" என்றாலும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

கடையில் எதைப் பார்ப்பது?

விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி, பத்தாயிரங்களுக்குப் போகிறது. விலை அதிகம் என்பதாலேயே சீட் நல்லதாகிவிடாது. முதலில் பார்க்க வேண்டியது சீட்டில் ஒட்டியுள்ள அட்டையை. நம் நாட்டுத் தரத்துக்கு "ஏ.ஐ.எஸ். 072" என்று பெயர். ஐரோப்பியத் தரத்துக்கு ஆரஞ்சு நிற அட்டை இருக்கும். அதில் வட்டத்துக்குள் "இ" என்ற ஆங்கில எழுத்தும், "ஆர்-44" அல்லது "ஆர்-129" என்ற குறிப்பும் காணப்படும். எந்த அட்டையும் இல்லாத மெத்தைத் துணிகளும், சீட்டில் கட்டிவிடும் வார்களும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி ஏமாற வேண்டாம்.

"பிறந்தது முதல் 36 கிலோ வரை ஒரே சீட்" என்றும் விற்கிறார்கள். வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு படிக்கும் எந்த எடை, எந்த உயரம் என்று புத்தகத்தில் படித்துப் பார்த்து, உங்கள் குழந்தையை அதில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சிக்கனமான வழி ஒன்று உண்டு. இரு பக்கமும் திருப்பி வைக்கக்கூடிய 0-18 கிலோ சீட் ஒன்று. பிறகு முதுகுள்ள பூஸ்டர் ஒன்று. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு இரண்டே செலவு!

சொந்தக்காரர்கள் கொடுக்கும் பழைய சீட்டை வாங்கலாமா? அந்தச் சீட் விபத்தில் சிக்காதது என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாங்கலாம். அட்டையும் விளக்கப் புத்தகமும் இருக்க வேண்டும். கம்பெனி குறித்துள்ள ஆயுள் முடிந்திருக்கக் கூடாது. முன்பின் தெரியாதவர்களிடம் பழைய சீட் வாங்குவது கூடாது. மோதலில் சிக்கிய சீட்டில் விரிசல் வெளியே தெரியாது.

பொருத்துவதில் கவனம்

நல்ல சீட்டையும் தப்பாகப் பொருத்தினால் பயனில்லை. புதிய கார்கள் பலவற்றில் பின் சீட்டு இடுக்கில் "ஐசோபிக்ஸ்" என்ற இரும்புக் கொக்கிகள் இருக்கும். சீட்டை அதில் மாட்டிவிடலாம். பழைய கார்களில் அது இல்லாவிட்டால் கவலை வேண்டாம். காரின் பெல்ட்டாலேயே கட்டும் சீட்டுகளும் உண்டு. அதற்குத் தோளுக்கும் இடுப்புக்கும் சேர்ந்து வரும் பெல்ட் வேண்டும். சில பழைய கார்களில் நடு இடத்தில் இடுப்புப் பட்டை மட்டுமே இருக்கும். அங்கே கட்டாதீர்கள்.

கட்டிய பிறகு, பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. குழந்தையைக் கட்டிய பிறகு தோள் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் பட்டை தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம்.

மார்கழி, தை மாதங்களில் பெங்களூர்க் குளிரில் குழந்தைக்கு கனத்த ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் பெல்ட்டை மாட்டுகிறோம். இதுவும் தவறு. மோதலின்போது ஸ்வெட்டர் அமுங்கிவிடும். பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய துணியோடு பெல்ட்டைக் கட்டிவிட்டு, அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

அழுதால் என்ன செய்வது?

"சீட்டில் வைத்தால் அழுகிறதே" என்பது தாய்மார்கள் சொல்லும் குறை. முதல் நாளிலிருந்தே பழக்கினால் குழந்தை அதுதான் தன் இடம் என்று எடுத்துக்கொள்ளும். ஊருக்குப் போகும் அன்று புதிதாக உட்கார வைத்தால் அழத்தான் செய்யும். ஒரு வாரம் முன்னாலிருந்து பக்கத்துத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் உட்கார வையுங்கள்.

பால் கொடுக்க வேண்டுமா? வண்டியை ஓரமாக, பத்திரமான இடத்தில் நிறுத்திவிட்டுக் கொடுங்கள். ஓடும் காரில் குழந்தையைச் சீட்டிலிருந்து எடுக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துக் காலாற விடுவது நல்லது. கிருஷ்ணகிரியில் டீ குடிக்க எப்படியும் நிறுத்தத்தானே போகிறோம்!

வாடகைக் காரில் போனாலும் உங்கள் சீட்டைக் கொண்டுபோய்ப் பொருத்தலாம். ஏறும் முன் ஐந்து நிமிடம் போதும்.

கார் இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கூட்டரிலும் மோட்டார் சைக்கிளிலும் 4 வயதுக்குட்பட்ட குழந்தையை ஏற்றினால், குழந்தையை ஓட்டுகிறவரோடு இணைத்துக் கட்டும் பாதுகாப்பு வார் வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் 40 கிலோ மீட்டரைத் தாண்டக் கூடாது. இந்த விதி 2023 பிப்ரவரி 15-ந்தேதி முதல் அமலில் இருக்கிறது.

கடைசியில் என்ன ஆயிற்று?

ஸ்ரீராமபுரம் வீட்டில் விவாதம் இரண்டு நாள் நடந்தது. குழந்தைகளை எடை போட்டார்கள். பெண் 8 கிலோ. பையன் 15 கிலோ. ஒரே "பெரிய" சீட் இருவருக்குமே உதவாது என்பது அப்போதுதான் கணவருக்குப் புரிந்தது.

காருக்குப் புதிய பாட்டுக் கருவியும் சீட் உறையும் வாங்க வைத்திருந்த பணம் வேறு வழியில் திரும்பியது. பெண் குழந்தைக்கு முதுகு காட்டி வைக்கும் சீட். பையனுக்கு, இப்போது ஐந்து முனைப் பெல்ட்டோடும் பிறகு பூஸ்டராகவும் பயன்படும் 9-36 கிலோ சீட். மீதிப் பணம் போதாமல் அலுவலகக் கூட்டுறவுச் சங்கத்தில் கொஞ்சம் கடன்.

அடுத்த பிரச்சினை இடம். சிறிய காரில் இரண்டு சீட்டையும் வைத்த பிறகு நடுவே பெரியவர் யாரும் உட்கார முடியவில்லை. முன்னால் கணவன், மனைவி. பாட்டியும் தம்பியும் எங்கே போவது?

"ஆளுக்கு ஒரு பெல்ட் இருந்தாத்தான் அந்தக் காருல ஆளு" என்று மனைவி சொல்லிவிட்டார். பாட்டிக்கும் தம்பிக்கும் ஓசூர், தர்மபுரி வழியாகச் சேலம் போகும் ரயிலில் டிக்கெட் எடுத்தார்கள். பாட்டிக்கு முதலில் மனத்தாங்கல்தான். "பேரப்பிள்ளைங்களோட போக எனக்கு எடமில்லையா?" என்றார்.

கார் விடியற்காலையில் கிளம்பியது. கிருஷ்ணகிரியில் ஒரு முறையும் தர்மபுரியில் ஒரு முறையும் நின்றது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் முன்னால் போன லாரி ஒன்று சட்டென்று நின்றது. கணவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். மோதவில்லை. ஆனால் முன் சீட்டுகளுக்கு நடுவே இருந்த தண்ணீர்க் கூஜா பறந்து போய் முன் கண்ணாடிக்குக் கீழே மோதி நசுங்கியது.

வழக்கமாகப் பையன் நின்றுகொண்டு வரும் இடம் அது!

பையன் தன் சீட்டில் இருந்தபடி "என்னப்பா?" என்று கேட்டான். பெண் குழந்தை விழிக்கவே இல்லை. கணவரும் மனைவியும் அடுத்த பத்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஓமலூர் ஸ்டேஷனில் பாட்டியை ஏற்றிக்கொள்ளக் கார் காத்திருந்தது. தம்பி பஸ்சில் போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மருமகள் இறங்கி, முன் சீட்டை மாமியாருக்குக் கொடுத்துவிட்டு, கொழுந்தனோடு பஸ் ஏறக் கிளம்பினார். அவர் கையில் நசுங்கிய கூஜா இருந்தது. நடந்ததைச் சொன்னார்.

பாட்டி கூஜாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு காரில் ஏறி உட்கார்ந்தார். மகன் சொல்வதற்கு முன்பே, "இந்த பெல்ட்ட எப்படி மாட்டறது கண்ணு?" என்று கேட்டார்.